மூன்றாண்டு நிதியும் மூன்று மாத ஊசியும்

கேள்வி இதுதான். ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் எல்லையில் ஒரு சின்ன அறக்கட்டளை. இதுவரை மாலை வகுப்பு, ரத்தசோகை முகாம் என்று உள்ளூர்ப் பணத்தில் செய்துவந்திருக்கிறார்கள். இப்போது ஐரோப்பிய அமைப்பொன்று குடும்ப நலத்துக்கும் தாய்சேய் நலத்துக்கும் மூன்றாண்டு நிதி தர முன்வந்திருக்கிறது. பெருந்துறை, காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் மில் விடுதிகளும் விசைத்தறிக் குடும்பங்களும். மேலே தாளவாடி, பர்கூர் மலை ஊர்கள். எங்கே தொடங்குவது, எதில் சறுக்கும் என்று கேட்கிறார்கள்.

நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள். அரசு தரும் அந்தரா கருத்தடை ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கொரு முறை அடுத்த ஊசி வேண்டும். கருப்பையில் பொருத்தும் காப்பர் டி 375 என்றால் ஐந்து வருடம், 380ஏ என்றால் பத்து வருடம் உள்ளே இருக்கும். உங்கள் நிதிக்கு ஆயுள் 36 மாதம். அதிலும் ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, அனுமதி வாங்கி வேலை சூடுபிடிக்க முதல் ஆறேழு மாதம் போய்விடும். கடைசி வருடத்தில் காப்பர் டி போட்டுக்கொள்ளும் பெண் அதை எடுக்க வரும்போது உங்கள் அலுவலகப் பலகைகூட இருக்காது. பணத்தின் கெடு ஒன்று, அவள் உடம்பின் கெடு வேறொன்று. நிதி நின்றபிறகு அடுத்த ஊசியை யார் போடுவார், காப்பர் டியை யார் எடுத்துவிடுவார் என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உங்களிடம் விடை இருக்கவேண்டும்.

அதற்கு ஒரே நம்பகமான விடை அரசின் துணை சுகாதார நிலையம்தான். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று, மலையில் 3,000 பேருக்கு ஒன்று. அங்கே ஒரு நர்சம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர். நீங்கள் போனபிறகும் அவர் இருப்பார். 1980களில் டென்மார்க் அரசின் டானிடா உதவி அன்றைய சேலம் மாவட்டத்துக்கு வந்தபோது (நாமக்கல் அப்போது அதில் சேர்ந்திருந்தது) அந்தப் பணம் அரசின் சுகாதாரக் கட்டமைப்புக்குள்ளேயே போனது. உதவி முடிந்தபிறகும் அதனால் வலுப்பட்ட துணை நிலையங்களும் பயிற்சியும் ஊரிலேயே தங்கின. மாறாக, 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்திவைத்தபோது, அந்தப் பணத்தில் தனியாக மருந்தகமும் மருந்து வழங்கலும் நடத்திய அமைப்புகள் பல நாடுகளில் ஒரே வாரத்தில் கதவைச் சாத்தவேண்டிவந்தது. நீங்கள் ஊசி போடவேண்டாம், காப்பர் டி பொருத்தவேண்டாம், அறுவைக்கு முகாம் கூட்டவே வேண்டாம். தெளிவாகப் பேசிப் புரியவைப்பது, அழைத்துப் போவது, பின்தொடர்வது, தடங்கலை நீக்குவது ஆகியவை உங்கள் வேலை. சிகிச்சை அரசின் வேலை. இந்த எல்லைக்கோட்டை மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே போட்டுவிடுங்கள். எந்த வட்டாரம், எந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள், எத்தனை களப்பணியாளர், எந்தப் பதிவேட்டை யார் பார்க்கலாம் என்று பெயர் பெயராக எழுதி, வட்டார மருத்துவ அலுவலருக்கும் நகல் வையுங்கள். வாய்மொழி அனுமதி, அலுவலர் மாற்றலாகும் நாளன்றே போய்விடும்.

அடுத்து, எதற்காக இந்தத் திட்டம் என்பதில் தெளிவு வேண்டும். வெளிநாட்டுப் படிவங்கள் பெரும்பாலும் பிறப்பு விகிதம் அதிகமுள்ள நாடுகளை மனதில் வைத்துத் தயாரானவை. நம் நிலை வேறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 1.8, நாட்டின் சராசரி 2.0. கொங்குப் பகுதியில் இரண்டோடு நிறுத்துவது எப்போதோ வழக்கமாகிவிட்டது, ஒன்றோடு நிறுத்துபவர்களும் ஏராளம். இங்கே ‘மக்கள்தொகையைக் குறைக்க’ என்று ஒரு வரி எழுதினாலும் அது பிழை. உண்மையான குறைபாடு வேறிடத்தில் இருக்கிறது. கருத்தடை என்றாலே பெண்ணுக்கு ஆபரேஷன் என்றாகிவிட்டது. மாநிலத்தில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் அதையே செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்வது கணக்கில் வராத அளவுக்குச் சொற்பம். முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இடைவெளி விடும் முறைகள் மெலிந்துகிடக்கின்றன. 24 வயதில் ஆபரேஷன் முடித்த பெண் அதன்பின் உடம்புக்கு எதற்கும் சுகாதார நிலையத்தின் பக்கம் வருவதில்லை. வடக்கிலிருந்து வந்து தறியிலும் பனியன் கம்பெனியிலும் நிற்கும் குடும்பங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போகின்றன. முன்மொழிவில் எழுதவேண்டியவை இவை.

பணம். வெளிநாட்டு நிதி என்றால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010. எல்லோரும் அதை எஃப்.சி.ஆர்.ஏ. என்பார்கள். அதில் பதிவு வாங்க, அமைப்பு தொடங்கி மூன்றாண்டு ஆகியிருக்கவேண்டும், கடந்த மூன்று நிதியாண்டில் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவேண்டும். அது இல்லையென்றால் குறிப்பிட்ட இந்த நன்கொடையாளர், குறிப்பிட்ட இந்தத் திட்டம் என்று முன் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு நன்கொடையாளரின் உறுதிக் கடிதம் வேண்டும். பணம் முதலில் இறங்கவேண்டிய இடம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு மட்டுமே. அங்கிருந்து உங்கள் ஊர் வங்கியில் திறக்கும் பயன்பாட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கணக்குகளில் உள்ளூர்ப் பணம் ஒரு ரூபாய்கூடச் சேரக்கூடாது. உள்ளூர்ப் பணத்தில் வாங்கிய மேசைநாற்காலியை விற்ற காசை அவசரத்தில் அங்கே போட்டுவிட்டு வருடக் கணக்கில் விழிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

2020இல் வந்த திருத்தம் இரண்டு விஷயத்தை இறுக்கியது. ஒன்று, வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. ‘நீங்கள் தலைமை, மலையில் வேலை செய்யும் அமைப்புக்கு அவர்கள் பங்கை நீங்களே கொடுங்கள்’ என்று நன்கொடையாளர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அவர்களோடு நேரடி ஒப்பந்தம் போடச் சொல்லுங்கள். இரண்டு, நிர்வாகச் செலவு அந்த நிதியாண்டில் வந்த தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முன்பு 50 சதவீதம் வரை அனுமதி இருந்தது. இதில் ஒரு பொறி இருக்கிறது. 40 லட்சம் வரும் ஆண்டில் 8 லட்சம் வரை நிர்வாகத்துக்கு இடமுண்டு. ஆனால் இரண்டாம் தவணை மார்ச் 28 அன்று வந்துவிட்டு, அடுத்த ஆண்டு முழுக்க வரவே இல்லை என்றால்? வாடகையும் கணக்கர் சம்பளமும் தணிக்கைக் கட்டணமும் வழக்கம்போல நடக்கும். கணக்கிட அடிப்படைத் தொகை இருக்காது. அதனால் தவணை எந்த மாதம் வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே ஏப்ரல், அக்டோபர் என்று நம் நிதியாண்டுக்குப் பொருந்தப் போட்டுக்கொள்ளுங்கள். நன்கொடையாளரின் ஆண்டு ஜனவரியில் தொடங்கலாம்; அது அவர்கள் வசதி. வரவுசெலவுத் திட்டம் எழுதும்போதே எந்தச் செலவு நிர்வாகம், எது திட்டத்தின் நேரடிச் செலவு என்று தணிக்கையாளரை உட்காரவைத்துப் பிரித்துவிடுங்கள். வருட முடிவில் பிரித்தால் சங்கடம். எஃப்.சி-4 ஆண்டறிக்கைக்கு டிசம்பர் 31 கடைசி நாள், வரவே இல்லாத ஆண்டிலும் தாக்கல் செய்யவேண்டும். ஐந்தாண்டில் பதிவு காலாவதியாகும். உங்கள் மூன்றாண்டுத் திட்டத்துக்கு நடுவில் அந்த நாள் வருகிறதா என்று இன்றே பாருங்கள்.

நாணய மாற்றையும் யாரும் எழுதுவதில்லை. ஒப்பந்தம் 1,20,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டில் யூரோ மதிப்பு சராசரியாக 5 ரூபாய் இறங்கினால் 6 லட்சம் குறையும். அது ஒரு களப்பணியாளரின் மூன்றாண்டுச் சம்பளம். குறைந்தால் எந்தச் செலவை முதலில் வெட்டுவது, கூடினால் எதில் சேர்ப்பது என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். வெட்டவேண்டிவந்தால் பயிலரங்கையும் அச்சடித்த பிரசுரத்தையும் வெட்டுங்கள்; களப்பணியாளரின் பெட்ரோல் காசில் கைவைக்காதீர்கள். இங்கே குடியிருப்பு நெருக்கமான தெருவாக இல்லை. ஒவ்வொரு குடும்பமும் அதனதன் தோட்டத்துச் சாளையில் இருக்கிறது. ‘தன்னார்வலர் நடந்தே நாளொன்றுக்கு இருபது வீடு பார்ப்பார்’ என்ற படிவக் கணக்கு காங்கேயம் பக்கம் செல்லாது. வண்டியில் போனாலும் எட்டுப் பத்து வீடுதான் ஒழுங்காகப் பார்க்க முடியும்.

உள்ளூர்க் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையும் கூடவே தேடுங்கள். அதற்கு அறக்கட்டளை சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். ஒன்றைமட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு கம்பெனி தன் சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் செய்வது அந்தக் கணக்கில் சேராது. ‘எங்கள் விடுதிப் பெண்களுக்கே செய்யுங்கள்’ என்று முதலாளி கேட்டால், சுற்றுவட்டாரம் முழுக்கச் சேர்த்தால்தான் சட்டப்படி செல்லும் என்று சொல்லுங்கள்.

இனி, இந்தத் துறையில் அதிகத் தீங்கு செய்த விஷயத்துக்கு வருகிறேன்: இலக்கு. இந்தியா 1996 ஏப்ரலில் முறைவாரி இலக்குகளை, அதாவது எந்தக் கருத்தடை முறைக்கு எத்தனை பேர் என்று எண் வைப்பதை, கைவிட்டது. 1994 கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டுக்குப் பிறகு உலகமே ஒப்புக்கொண்ட திசை அது. அமெரிக்கப் பணம் வரும் திட்டங்களுக்கு 1998இலிருந்து டியார்ட் திருத்தம் இருக்கிறது: இத்தனை பேரைச் சேர்க்கவேண்டும் என்று இலக்கு வைக்கக்கூடாது, சேர்த்ததற்குப் பணியாளருக்கோ சேர்ந்தவருக்கோ சன்மானம் தரக்கூடாது, மறுத்தவருக்கு வேறு உதவியை நிறுத்தக்கூடாது, ஒவ்வொரு முறையின் நன்மையும் பக்கவிளைவும் புரியும்படிச் சொல்லவேண்டும். உங்கள் பணம் அமெரிக்காவிலிருந்து வராவிட்டாலும் இந்த விதிகளை உங்கள் பணியாளர் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 2014இல் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தார்கள். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தவேண்டும் என்றது. எண்ணிக்கையைத் துரத்தினால் முடிவு இப்படித்தான் ஆகும்.

இலக்கு வெளிப்படையாக இல்லாவிட்டாலும் பின்வாசல் வழியாக வரும். அந்தப் பின்வாசலின் பெயர் சி.ஒய்.பி., ஒரு தம்பதிக்கு ஓராண்டுப் பாதுகாப்பு. நன்கொடையாளர்கள் விரும்பும் அளவுகோல் அது. 120 ஆணுறை ஓர் ஆண்டு. 15 அட்டை மாத்திரை ஓர் ஆண்டு. 4 அந்தரா ஊசி ஓர் ஆண்டு. ஒரு காப்பர் டி 380ஏ, சராசரியாக உள்ளே இருக்கும் காலத்தைக் கொண்டு, 4.6 ஆண்டு, இந்தியாவில் ஒரு கருத்தடை ஆபரேஷன் 13 ஆண்டு. கூட்டிப்பாருங்கள்: அறிக்கையில் ஒரு ஆபரேஷன் 52 ஊசிக்குச் சமம். காலாண்டு எண் குறைகிறதே என்று ஒருங்கிணைப்பாளர் கவலைப்பட்டால், யாரும் வாய்திறந்து சொல்லாமலே களப்பணியாளர் எந்தப் பக்கம் பேச்சைச் சாய்ப்பார் என்பது தெரிந்ததுதான். ஆகவே சி.ஒய்.பி.யை ஆண்டறிக்கையில் தகவலாக மட்டும் கொடுங்கள். பணியாளரின் வேலையை அதைக்கொண்டு அளக்காதீர்கள். அளக்கவேண்டியவை: எல்லா முறைகளையும் பற்றிக் கேட்டதாகச் சொல்லும் பெண்கள் எத்தனை பேர், பக்கவிளைவு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர், ஊசி தவணை நாளில் கிடைத்தவர்கள் எத்தனை பேர், காப்பர் டியை எடுக்கக் கேட்டவர்களில் அதே வாரத்தில் எடுக்கப்பட்டது எத்தனை பேருக்கு. கடைசி எண்ணை எந்தப் படிவமும் கேட்பதில்லை. நீங்களாகச் சேருங்கள். போடுவதற்குக் காட்டும் அக்கறையை எடுப்பதற்கும் காட்டும் இடத்தில்தான் பெண்கள் நம்பி வருவார்கள்.

அந்தரா பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் விடுதிகளிலும் தறிக் குடும்பங்களிலும் நடமாட்டமுள்ள பெண்களுக்கு அது வசதி. ஆனால் பாதியில் விடுவதும் அதில்தான் அதிகம். காரணம் மாதவிலக்கு மாறுவது. முதல் சில மாதம் அவ்வப்போது திட்டுத்திட்டாகப் படும், பிறகு பலருக்கு நின்றே போகும். இது ஆபத்தில்லை. ஆனால் நம் பக்கம் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டு வீடே விரதமிருக்கும் நாளில் திடீரென்று ‘வீட்டுக்குத் தூரம்’ ஆனால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சங்கடம் என்பது படிவம் எழுதுபவருக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டவள் என்றால் இன்னும் சிக்கல். இதை ஊசிக்கு முன்பே சொல்லவேண்டும். நோம்பி எந்த மாதம் என்று கேட்டே பேசவேண்டும். சரிப்படாது என்பவருக்கு ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை இருக்கிறது: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அந்தராவை நிறுத்தியபின் கருத்தரிக்கப் பல மாதம் ஆகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் பிள்ளை வேண்டும் என்று நினைப்பவருக்கு அந்தரா பொருந்தாது.

தவணை நாளில் நெகிழ்வு உண்டு: இரண்டு வாரம் முன்பாகவும் போடலாம், நான்கு வாரம் தாமதமாகவும் போடலாம். இந்தக் கால நெகிழ்வைத் திட்டமாகப் பயன்படுத்துங்கள். தீபாவளிக்கு மில் மூடினால் பெண்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். பீகார்க் குடும்பங்கள் சத் பூஜைக்கும் ஹோலிக்கும், ஒடிசாக் குடும்பங்கள் தங்கள் ஊர்த் திருவிழாக்களுக்கும் கிளம்புவார்கள். அந்த வாரங்களில் தவணை விழுபவர்களின் பட்டியலை ஒரு மாதம் முன்பே எடுத்து, கிளம்பும்முன் ஊசி கிடைக்க நர்சம்மாவோடு பேசுங்கள். கார்டைக் கையில் கொடுத்து, போகும் ஊரின் அரசு சுகாதார நிலையத்திலும் அதைக் காட்டலாம் என்று அவர்கள் மொழியிலேயே சொல்லுங்கள். ஒடியா, இந்தி பேசும் ஒரு பெண்ணைப் பணிக்கு எடுக்காமல் திருப்பூர்ப் பக்கம் இந்த வேலை நடக்காது.

மருந்து இருப்பில் சராசரிக் கணக்கு ஏமாற்றும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் 240 பெண்கள் அந்தராவில் இருக்கிறார்கள் என்றால் மாதச் சராசரி 80. குறைந்தபட்சம் இரண்டு மாதத்துக்கு 160, அதிகபட்சம் நான்கு மாதத்துக்கு 320 என்று வைத்தால், கையில் 110 இருக்கும்போது கேட்கவேண்டியது 210. காகிதத்தில் சரி. ஆனால் அந்த 240 பேரில் 120 பேர் ஒரே வாரத்தில், உங்கள் விடுதிக் கூட்டத்துக்குப் பிறகு சேர்ந்தவர்கள் என்றால், மூன்று மாதம் கழித்து ஒரே வாரத்தில் 120 ஊசி வேண்டும். கூட்டம் பெரிதாக நடத்துவதன் விலை இதுதான். வாரவாரியாகத் தவணைப் பட்டியல் போட்டு, அந்த எண்ணை நர்சம்மாவிடம் எட்டு வாரம் முன்பே கொடுங்கள்; அவர் மருந்தாளுநருக்குத் தேவைப்பட்டியல் அனுப்ப உதவும். காலாவதி முந்துவதை முதலில் எடுப்பது, குப்பிகளை நிமிர்த்தி வைப்பது, 30 டிகிரிக்கு மேல் போகாமல் காப்பது நிலையத்தின் பொறுப்பு. ஆனால் சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பெட்டி இருந்தால் கண்ணில் பட்டவர் சொல்லவேண்டும். ஒரு மின்விசிறியும் தடுப்புக்கூரையும் உங்கள் நிதியில் வாங்கிக்கொடுக்கக்கூடிய உருப்படியான பொருள்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய காலம் நம் வழக்கத்தால் நழுவும். முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கழித்து மாமியார் வீட்டுக்குத் திரும்புவாள். இரண்டு ஊர், இரண்டு நர்சம்மா. யார் பதிவேட்டிலும் முழுசாக இருக்கமாட்டாள். கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் பிக்மி எண்ணை அவள் கார்டிலிருந்து குறித்துக்கொண்டு இரண்டு பக்கமும் சொல்வது உங்கள் களப்பணியாளரின் வேலை. புதன்கிழமைத் தடுப்பூசி நாளைப் பிடியுங்கள். பிள்ளைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசிக்குத் தாய் எப்படியும் வருவாள். பாலூட்டும் தாய்க்கு அந்தரா தொடங்கலாம் என்பதும் ஆறு வாரத்துக்குப் பிறகுதான். பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

விடுதிகளில் எச்சரிக்கை வேண்டும். வார்டன் முன்னிலையில் எதையும் கேட்காதீர்கள், பெயர்ப்பட்டியலை நிர்வாகத்திடம் கொடுக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். கைபேசி கணவரிடமோ அண்ணனிடமோ இருக்கலாம். ‘ஊசி தவணை’ என்று குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது. எப்படி, எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று அவளிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் கர்ப்பம் என்று தெரிந்தால் போக்சோ சட்டம், 2012 புகாரைக் கட்டாயமாக்குகிறது. மணமானவள் என்பதால் அது மாறாது. அதே நேரம், 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் புகாரில் அவள் அடையாளத்தை வெளியிடத் தேவையில்லை என்றது. களப்பணியாளர்கள் தாங்களாக முடிவெடுத்து மறைப்பதும் தவறு, ஊரறியச் செய்வதும் தவறு. யாரிடம் முதலில் சொல்வது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தை யார் தொடர்புகொள்வது என்று ஒரே பக்கத்தில் எழுதி, முதல் மாதமே வழக்கறிஞரை வைத்துப் பயிற்சி கொடுங்கள். கருக்கலைப்பு இங்கே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுமதியுள்ள சேவை. சில நாட்டு நிதிகள் அதைப் பற்றிப் பேசுவதையே கட்டுப்படுத்தும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். உதவி கேட்டு வரும் பெண்ணுக்கு அரசு மருத்துவமனைக்கு வழி சொல்லக்கூட முடியாத பணம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை பற்றித் தறிக்குடியில் பேசினால் முதலில் வருவது ‘பன்னிரண்டு மணி நேரம் தறியில் நிற்கிறவனுக்குத் தெம்பு போயிரும்’ என்ற பயம். பதில் வாதமாக இருக்கக்கூடாது, விவரமாக இருக்கவேண்டும். உடனே பலன் கிடையாது. மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனையில் உறுதிசெய்யவேண்டும். இதைச் சொல்லாமல் விட்டு நடுவில் கர்ப்பம் ஆனால், பழி மனைவியின்மேல் விழும். கூலி போகுமே என்பதற்கும் விடை உண்டு: ஈ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்கு ஆண் என்றால் 7 நாள், பெண் என்றால் 14 நாள் முழுக் கூலியோடு விடுப்புப் பலன் கிடைக்கும். மில்லின் மனிதவளப் பிரிவுக்கே பலசமயம் இது தெரிவதில்லை; விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தால் போதும். எந்த ஆபரேஷனுக்கும் கணவரோ மனைவியோ சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை என்பதையும் பணியாளர்கள் அறிந்திருக்கவேண்டும்.

மலைக்குத் தனி வரவுசெலவு போடுங்கள். தாளவாடியில் பேச்சு பெரும்பாலும் கன்னடம். பர்கூரில் லிங்காயத்துகளும் சோளகர்களும், கடம்பூர்ப் பக்கம் ஊராளிகளும் இருக்கிறார்கள். சமவெளியில் அச்சடித்த தமிழ்ப் படக்கார்டு அங்கே உதவாது. தாளவாடிக்கு ஏறும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, இரவில் வாகனக் கட்டுப்பாடு. காலையில் கிளம்பி மாலைக்குள் இறங்கவேண்டும் என்றால் களத்தில் கிடைப்பது நாலு மணி நேரம். அங்கேயே குடியிருக்கும் பெண்ணைத்தான் பணிக்கு எடுக்கவேண்டும். மலையில் முதல் வருடம் குடும்பக் கட்டுப்பாடு என்று தொடங்கவும் வேண்டாம். ரத்தசோகை, பிரசவத்துக்கு வண்டி, பிள்ளைக்குத் தடுப்பூசி ஆகியவற்றில் நம்பிக்கை சேர்ந்தபின் அவர்களே கேட்பார்கள். பழங்குடி மக்களின் எண்ணிக்கை சிறியது. அவர்களிடம் போய் ஆபரேஷன் என்று முதல் பேச்செடுத்தால் அவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்.

பதிவேட்டைச் சரிபார்க்க, ஒவ்வொரு மேற்பார்வைப் பகுதியிலும் காலாண்டுக்கு 19 பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, முன்னமே சம்மதம் சொன்னவர்களை வேறு பகுதி மேற்பார்வையாளர் நேரில் பார்க்கட்டும். துல்லியமான சதவீதம் கிடைக்காது. எந்தப் பகுதி பின்தங்குகிறது என்பது தெரியும். பொய்ப் பதிவு கண்டுபிடித்தால் பணியாளரைத் துரத்துமுன் எதற்காக எழுதினார் என்று கேளுங்கள். பத்தில் எட்டுத் தடவை, மேலே யாரோ எண் கேட்டு நெருக்கியிருப்பார்கள்.

முடிவுக்கான வேலை 27ஆவது மாதத்தில் தொடங்கவேண்டும். அதற்குள் தவறினால் முடியாது, ஏனென்றால் 30ஆவது மாதத்திலிருந்து நல்ல பணியாளர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள்; அவர்களைக் கடைசிவரை நிறுத்த ஒரு நிறைவுத் தொகையை முதல் வருடமே வரவுசெலவில் சேர்த்துவிடுங்கள். ஊசியிலும் காப்பர் டியிலும் உள்ள ஒவ்வொரு பெண்ணையும், அவள் சம்மதத்தோடு, அவளுடைய துணை சுகாதார நிலையத்தின் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் ஏற்றிவிட்டீர்களா என்று ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். கடைசி ஆறு மாதத்தின் இரண்டு ஊசிகளுக்கும் களப்பணியாளர் கூட வரவேண்டாம், அவளே போகட்டும். போக முடியாதவர்கள் யார், ஏன் என்பது அப்போதுதான் தெரியும், சரிசெய்ய நேரமும் இருக்கும். அவள் கையில் இருக்கும் கார்டில் உங்கள் அலுவலக எண்ணை அடித்துவிட்டு நர்சம்மாவின் எண்ணையும் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணையும், காப்பர் டி என்றால் எடுக்கவேண்டிய மாதத்தையும் வருடத்தையும், அழியாத மையில் எழுதிக்கொடுங்கள்.